தெஃப்ட், ராபரி, டெகாய்ட்டி, மர்டர், பெயில், பரோல்: எது எங்கே பிரிகிறது?

கேள்வி இதுதான்: "செய்திகளில் தெஃப்ட், ராபரி, டெகாய்ட்டி, பர்க்ளரி என்று மாற்றி மாற்றி வருகிறது. அகராதியைப் புரட்டினால் எல்லாமே திருட்டு, கொள்ளை என்றுதான் இருக்கிறது. அதேபோல மர்டருக்கும் கல்பபிள் ஹோமிசைடுக்கும், பெயிலுக்கும் பரோலுக்கும், டிஸ்சார்ஜுக்கும் அக்விட்டலுக்கும் என்ன வித்தியாசம்? நடைக்காக மாற்றிப் போடுகிறார்களா?"

நடைக்காக மாற்றிப் போடுகிற நிருபர்களும் உண்டு. ஆனால் எஃப்ஐஆரிலோ தீர்ப்பிலோ இவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது. வைத்தால் பிரிவு மாறும். பிரிவு மாறினால் சிறையில் கழிக்க வேண்டிய ஆண்டுகள் மாறும், ஜாமீன் எளிதா கடினமா என்பதும் மாறும். இந்தச் சொற்களுக்குப் பொருள் தருவது சட்டப் புத்தகம். மெக்காலே தலைமையில் இருந்த சட்ட ஆணையம் 1837-ல் முடித்த வரைவு, 1860-ல் இந்திய தண்டனைச் சட்டமாக நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் இருந்த வரையறைகள் பெரும்பாலும் அப்படியே, வேறு எண்களோடு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கின்றன. பழைய எண்கள் இன்னும் எல்லோர் வாயிலும் இருப்பதால் தேவையான இடத்தில் இரண்டையும் சொல்கிறேன்.

படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: முந்தைய குற்றத்தோடு புதிதாக என்ன சேர்ந்தது? எவ்வளவு பெரிய தொகை, எவ்வளவு நகை என்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். கோடி ரூபாய் போனாலும் அது வெறும் தெஃப்ட்டாக இருக்கலாம். நூறு ரூபாய் போனாலும் ராபரியாக இருக்கலாம்.

தெஃப்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மற்றவை பலவும் இதன் மேல் எழுந்தவை. பழைய 378, இப்போது 303. ஐந்து அம்சங்கள் சேர வேண்டும்: பொருள் அசையும் பொருளாக இருக்க வேண்டும், அது இன்னொருவர் கைவசம் இருக்க வேண்டும், அவர் சம்மதம் இருக்கக் கூடாது, எடுப்பவனுக்கு நேர்மையற்ற எண்ணம் இருக்க வேண்டும், எடுப்பதற்காகப் பொருளை நகர்த்த வேண்டும். கடைசி அம்சத்தைக் கவனியுங்கள். நகர்த்தினாலே போதும், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதில்லை. சட்டத்திலேயே எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. அடுத்தவர் நிலத்தில் நிற்கும் மரத்தை எடுத்துப்போகும் எண்ணத்தில் ஒருவன் வெட்டுகிறான். மரம் வேரோடு நிற்கும்வரை நிலத்தின் பகுதி. வெட்டுப்பட்ட நொடியில் அசையும் பொருள். அந்த நொடியிலேயே திருட்டு முடிந்துவிட்டது. இன்னொன்றில், ஒருவன் நாய்க்குப் பிடித்த தீனியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கிறான், அடுத்தவர் நாய் பின்னாலேயே வருகிறது. நாயை அவன் தொடவே இல்லை. ஆனால் நாய் பின்தொடரத் தொடங்கியதுமே அது தெஃப்ட்.

இரண்டாவது அம்சமான கைவசம்தான் பலரும் தவறவிடுவது. சாலையில் யார் வசமும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுத்துக்கொண்டால் அது தெஃப்ட் ஆகாது, ஏனென்றால் யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. அதற்காக அது குற்றமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உரியவரைத் தேட வழி இருந்தும் தேடாமல் தனக்கென்று ஆக்கிக்கொண்டால் அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது: கிரிமினல் மிஸ்அப்ரோப்ரியேஷன், பழைய 403, இப்போது 314. மறுபக்கம், உங்கள் சொந்தக் கைக்கடிகாரத்தையே நீங்கள் திருட முடியும்! பழுதுபார்க்கக் கொடுத்தீர்கள், கூலி பாக்கி, கூலி வரும்வரை கடைக்காரர் சட்டப்படி அதைப் பிடித்து வைத்திருக்கிறார். அவர் அசந்த நேரத்தில் எடுத்து வந்துவிட்டால் அது தெஃப்ட். பாக்கி ஏதும் இல்லாதபோது கடைக்குள் போய் வெளிப்படையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தால், அத்துமீறல், தாக்குதல் என்று வேறு வழக்கு வரலாமே தவிர தெஃப்ட் வராது. கடிகாரம் யாருடையது என்பதைவிட, யார் வசம் என்ன உரிமையோடு இருந்தது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது.

நேர்மையற்ற எண்ணம் என்பதற்கு, நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் எண்ணம் வேண்டுமா? இதற்கு விடை சொன்னது ஒரு விமானம். 1952 மே மாதம் ஜோத்பூர் விமானப்படை அகாடமியில் பயிற்சியில் இருந்த மெஹ்ரா என்பவர், தனக்கு ஒதுக்கப்பட்ட டகோட்டா விமானத்துக்குப் பதிலாக, அனுமதியே இல்லாமல் ஒரு ஹார்வர்ட் விமானத்தை எடுத்துக்கொண்டு இன்னொரு பயிற்சி மாணவரோடு கிளம்பினார். அந்த மாணவர் முந்தைய நாள்தான் அகாடமியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார். விமானம் பாகிஸ்தானுக்குள் ஒரு வயலில் இறங்கியது. "விமானத்தையே வைத்துக்கொள்ளவா போனோம்? விளையாட்டுத்தனமாகச் செய்தது" என்ற மாதிரி வாதம் வைக்கப்பட்டது. 1957-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உரியவரிடமிருந்து பொருளைத் தற்காலிகமாக எடுத்து, அந்த நேரத்துக்கு முறையற்ற ஆதாயம் அடைந்தாலும் தெஃப்ட்தான் என்றது. பக்கத்து வீட்டு பைக்கை "ஒரு ரவுண்டு போய்விட்டு வைத்துவிடலாம்" என்று கேட்காமல் எடுக்கிற பையன்களுக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்லி வைப்பது நல்லது.

சாதாரண தெஃப்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை. வீட்டுக்குள் நடந்தால் ஏழு வரை போகும். புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 5000 ரூபாய்க்குக் குறைவான பொருள், முதல் முறை, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் தண்டனை சமூக சேவை.

இப்போது எக்ஸ்டார்ஷன், பழைய 383, புதிய 308. தெஃப்டில் எடுப்பவன் தானே எடுக்கிறான். எக்ஸ்டார்ஷனில் பயந்துபோய் நீங்களே கொடுக்கிறீர்கள். பொருள் மட்டும் என்றில்லை, மிரட்டிக் கையெழுத்து வாங்கினாலும் இதே குற்றம். "பணம் தராவிட்டால் அந்தப் புகைப்படத்தை எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்" என்று வரும் மிரட்டல் இந்த வகைதான்.

ராபரி தனியாக நிற்கிற குற்றமே இல்லை. "ஒவ்வொரு ராபரியிலும் ஒன்று தெஃப்ட் இருக்கும், அல்லது எக்ஸ்டார்ஷன் இருக்கும்" என்றுதான் அந்தப் பிரிவே தொடங்குகிறது. பழைய 390, புதிய 309. தெஃப்டோடு வன்முறையோ, அந்தக் கணமே வன்முறை நடக்கும் என்ற பயமோ சேர்ந்தால் ராபரி. எக்ஸ்டார்ஷனோடு, மிரட்டுகிறவன் நேரில் நின்று, இப்போதே, இங்கேயே உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று பயமுறுத்தி அங்கேயே வாங்கிக்கொண்டால் அதுவும் ராபரி. சட்டம் தரும் இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெடுஞ்சாலையில் ஒருவன் உங்கள் குழந்தையைப் பறித்துக்கொண்டு, பணப்பையைத் தராவிட்டால் பள்ளத்தில் எறிந்துவிடுவேன் என்கிறான், தந்துவிடுகிறீர்கள். இது ராபரி. அடுத்ததில், "உன் குழந்தை என் ஆட்களிடம் இருக்கிறது, பத்தாயிரம் ரூபாய் அனுப்பாவிட்டால் கொன்றுவிடுவோம்" என்று சொல்லி ஒருவன் பணம் வாங்குகிறான். பெற்றவர்களுக்கு இரண்டிலும் ஒரே பதைபதைப்புதான். ஆனாலும் இது எக்ஸ்டார்ஷன். குழந்தையின் உயிர் அந்தக் கணமே போய்விடும் என்ற பயம் இருந்தால்தான் ராபரி ஆகும். எக்ஸ்டார்ஷனுக்கு இப்போது ஏழு ஆண்டு வரை, ராபரிக்குப் பத்து வரை. சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்குள், நெடுஞ்சாலையில் நடந்த ராபரிக்குப் பதினான்கு வரை.

நம் ஊரில் அதிகம் நடக்கும் செயின் பறிப்பு பல ஆண்டுகள் இரண்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கிடந்ததை அறுத்துக்கொண்டு பைக்கில் பறந்தவன் பலப்பிரயோகம் செய்தானா, அல்லது வெறும் திருட்டா என்று வழக்குக்கு வழக்கு வாதம் நடந்தது. புதிய சட்டத்தில் 304 என்று ஸ்நாட்சிங்கைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கும் தெஃப்டைப் போல மூன்று ஆண்டுதான் உச்சம். பறிக்கும்போது பெண்மணி கீழே விழுந்து காயம்பட்டிருந்தால் புகாரில் அதைக் கட்டாயம் எழுத வேண்டும், மருத்துவமனைச் சான்றும் வேண்டும். ராபரியா, ஸ்நாட்சிங்கா என்பதை அந்தக் காயம் தீர்மானிக்கக்கூடும்.

டெகாய்ட்டி இன்னும் எளிது. ராபரியை ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் டெகாய்ட்டி. பழைய 391, புதிய 310. நால்வர் துப்பாக்கியோடு வங்கியில் நுழைந்தால் ராபரி, ஐவர் கத்தியோடு ஒரு குடிசைக்குள் நுழைந்தால் டெகாய்ட்டி. கூட நின்று உதவியவரும் அந்த ஐந்தில் சேர்த்தி. தண்டனை ஆயுள் வரை போகும். கொள்ளையில் ஐவரில் ஒருவன் கொலை செய்தாலும் ஐவருக்கும் தூக்கு வரை விதிக்க இடமுண்டு. இன்னொரு விசேஷம்: பொதுவாக ஒரு குற்றத்துக்குத் தயாராவதை மட்டும் வைத்துத் தண்டிக்க மாட்டார்கள், முயற்சி செய்திருக்க வேண்டும். டெகாய்ட்டியில் தயாராவதே குற்றம், அதற்கென்று கூடுவதும் குற்றம். "கொள்ளையடிக்கத் திட்டமிட்டு ஆயுதங்களோடு பதுங்கியிருந்த ஐந்து பேர் கைது" என்று செய்தி வரும்போது அந்த ஐந்து என்ற எண் ஏன் முக்கியம் என்று இப்போது புரியும். வழக்கே ஐந்து பேர் மட்டும் வந்தார்கள் என்பதாக இருந்து, அதில் ஒருவர் இல்லவே இல்லை என்று நீதிமன்றம் விடுவித்துவிட்டால், மீதி நால்வர் மேல் டெகாய்ட்டி நிற்காது. அடையாளம் தெரியாத வேறு யாராவது கூட வந்தது நிரூபணமானால்தான் நிற்கும்.

பர்க்ளரி என்ற சொல் நம் தண்டனைச் சட்டத்தில் கிடையாது, அது இங்கிலாந்துச் சட்டத்தின் சொல். அங்கே 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டப்படி, திருடும் எண்ணத்தோடு அத்துமீறி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்ததுமே பர்க்ளரி முடிந்துவிடும், ஒன்றும் எடுக்காமல் ஓடினாலும் சரி. நம்மிடம் இதற்கு நெருக்கமானது ஹவுஸ் பிரேக்கிங். பூட்டை உடைக்க வேண்டும் என்பதில்லை. கன்னம் வைத்தாலும், நீங்கள் தொலைத்த சாவியைக் கண்டெடுத்துத் திறந்து வந்தாலும், கதவு ஓட்டையில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளை நீக்கி வந்தாலும் ஹவுஸ் பிரேக்கிங்தான். திருடுவதற்காக இரவில் செய்தால் பதினான்கு ஆண்டு வரை.

ஏமாற்றுகிற குற்றங்களுக்கு வருவோம். "ஃபோர் ட்வென்டி" என்று திட்டுவதற்கே பெயர் கொடுத்த 420, இப்போது 318-ன் நான்காம் உட்பிரிவு. அது சீட்டிங். பழைய 406, புதிய 316, அது கிரிமினல் பிரீச் ஆஃப் டிரஸ்ட். இரண்டையும் சேர்த்தே புகாரில் எழுதும் பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. சீட்டிங்கில் ஏமாற்றும் எண்ணம் முதல் நாளே இருக்கிறது, பொய் சொல்லித்தான் பணமே வாங்குகிறான். பிரீச் ஆஃப் டிரஸ்டில் முதலில் எல்லாம் ஒழுங்கு. நம்பி ஒப்படைத்தீர்கள், முறையாகத்தான் வாங்கிக்கொண்டார், பிறகு மனம் மாறி விழுங்கினார். இல்லாத வேலையை வாங்கித் தருவதாகச் சொல்லி ஐந்து லட்சம் வாங்கியவன் மேல் சீட்டிங். சங்கத்துப் பணத்தை மூன்று ஆண்டு ஒழுங்காகப் பார்த்துவிட்டு நான்காம் ஆண்டு சொந்தக் கடனை அடைத்த பொருளாளர் மேல் பிரீச் ஆஃப் டிரஸ்ட். ஒரே பணத்துக்கு, ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது என்று 2024-ல் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. கடன் வாங்கித் திருப்பித் தர முடியாமல் போனவர் விஷயம் வேறு. வாங்கும்போது ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட முடியாவிட்டால் இரண்டுமே இல்லை, சிவில் வழக்குதான் வழி. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் காவல் நிலைய வாசலில் வருஷக்கணக்கில் அலைந்து, அதற்குள் சிவில் வழக்குக்கான மூன்றாண்டுக் கெடுவையும் தவறவிட்டவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

மர்டர், கல்பபிள் ஹோமிசைட் என்ற ஜோடிதான் எல்லாவற்றிலும் கடினம். வழக்கறிஞர்களே தடுமாறும் இடம். முதலில் உறவு முறையைச் சொல்லிவிடுகிறேன்: கல்பபிள் ஹோமிசைட் பெரிய வட்டம், மர்டர் அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். எல்லா மர்டரும் கல்பபிள் ஹோமிசைட். எல்லா கல்பபிள் ஹோமிசைடும் மர்டர் இல்லை. பழைய 299, 300; புதிய 100, 101. அமெரிக்கப் படங்களில் வரும் மேன்ஸ்லாட்டர் நம் சட்டத்தில் இல்லவே இல்லை.

கொல்ல வேண்டும் என்றே செய்தால், விதிவிலக்கு எதிலும் சேராத வரை, மர்டர். அதில் சிக்கல் இல்லை. கொல்ல நினைக்கவில்லை, ஆனால் காயப்படுத்த நினைத்தான், ஆள் இறந்துவிட்டார் என்றால்தான் சிக்கல். அங்கே சட்டம் இரண்டு வாசகங்களை வைத்திருக்கிறது. அந்தக் காயத்தால் மரணம் நேரக்கூடும் என்றால் கல்பபிள் ஹோமிசைட். இயற்கையின் சாதாரணப் போக்கில் மரணம் நேர அந்தக் காயமே போதும் என்றால் மர்டர். நேரக்கூடும் என்பதற்கும் நேரப் போதும் என்பதற்கும் இடையில்தான் ஆயுள் தண்டனையும் தூக்கும் நிற்கின்றன.

1876-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கோவிந்தா வழக்கு இதற்குப் பாடமாக இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஓடுகிறது. பதினெட்டு வயதுக் கணவன் பதினைந்து வயது மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை வைத்து, மூடிய முஷ்டியால் முகத்தில் இரண்டு மூன்று குத்துக் குத்தினான். மூளையில் ரத்தம் கசிந்து அந்தச் சிறுமி இறந்துவிட்டாள். கொல்லும் எண்ணம் இல்லை. முஷ்டியால் அடித்த அடி சாதாரணமாக மரணத்துக்குப் போதுமானதும் இல்லை, ஆனால் மரணம் நேரக்கூடிய அடிதான் என்று நீதிபதி மெல்வில் முடிவு செய்தார். மர்டர் இல்லை, கல்பபிள் ஹோமிசைட். ஏழு ஆண்டு நாடு கடத்தல். அந்தச் சிறுமியை நினைத்தால் இந்த முடிவு நெஞ்சில் தைக்கிறது. ஆனால் கோடு எங்கே ஓடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு வேறில்லை.

கோட்டின் மறுபக்கத்தில் 1958-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் விர்சா சிங் தீர்ப்பு. ஒரே ஒரு ஈட்டிக் குத்து, வயிற்றில். குத்துப்பட்டவர் மறுநாள் இறந்தார். கொல்ல நினைக்கவில்லை என்றது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு. நீதிபதி விவியன் போஸ் கேள்வியையே மாற்றிக் கேட்டார்: அவன் கொல்ல நினைத்தானா என்று பார்க்க வேண்டாம், அந்தக் காயத்தை, அந்த இடத்தில், வேண்டுமென்றே உண்டாக்கினானா? தவறிப்போய்ப் பட்டதோ, வேறு எங்கோ வைத்தது வயிற்றில் விழுந்ததோ இல்லையென்றால், அந்தக் காயம் மரணத்துக்குப் போதுமானதா என்பது மருத்துவ விஷயம். போதுமானது என்றால் மர்டர். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவரிடம் "சாதாரணப் போக்கில் மரணத்துக்குப் போதுமான காயமா?" என்று கொலை வழக்குகளில் தவறாமல் கேட்பது இதனால்தான்.

மர்டருக்கான எல்லா அம்சமும் இருந்தும், ஐந்து விதிவிலக்குகளில் ஒன்றுக்குள் வந்தால் கல்பபிள் ஹோமிசைடாக இறங்கும். கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல் அவற்றில் ஒன்று. நானாவதி வழக்கு இங்கேதான் தோற்றது. 1959 ஏப்ரல் 27 அன்று பம்பாயில் தனக்கு இன்னொருவரோடு உறவு இருப்பதாக மனைவி ஒப்புக்கொண்டதைக் கேட்ட கடற்படை அதிகாரி நானாவதி, குடும்பத்தைச் சினிமா தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி, பிறகு அந்த ஆளைத் தேடிப்போய்ச் சுட்டுக் கொன்றார். இடையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். ஆத்திரம் அடங்க அது போதுமான நேரம் என்று 1961-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மர்டர் என்றே முடித்தது. ஆத்திரத்தின் அளவோடு கடிகாரத்தையும் சட்டம் பார்க்கும். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஒருவர் இறந்தால் பொதுவாக அது இந்த இரண்டு வட்டங்களுக்கும் வெளியே, பழைய 304ஏ, புதிய 106-ல் வரும்.

குற்றங்களின் பெயர்கள் போதும். ஆட்களின் பெயர்களில் இன்னும் அதிகமாகத் தவறு நடக்கிறது. சந்தேகம் விழுந்தவர் சஸ்பெக்ட். வழக்கில் பெயர் சேர்க்கப்பட்டவர் அக்யூஸ்ட், குற்றம் சாட்டப்பட்டவர். விசாரணை முடிந்து நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்த பிறகுதான் கன்விக்ட். "குற்றவாளி கைது" என்று தலைப்புப் போடுவது அப்பட்டமான தவறு. கைதாகும் நாளில் யாரும் குற்றவாளி இல்லை. இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். அவர்கள் வழக்கில் இன்னும் தீர்ப்பே வரவில்லை. அதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிடுகிறது. தங்கைக்குப் பார்த்த வரன் தட்டிப்போகிறது, வேலை போகிறது. பிறகு நிரபராதி என்று வந்தாலும் போனது திரும்புவதில்லை.

புகார் கொடுக்கும் பக்கத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு, தமிழ்நாட்டுக்கே உரியது: சிஎஸ்ஆரும் எஃப்ஐஆரும். நிலையத்தில் கையில் தரும் சிஎஸ்ஆர் ரசீது, உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டும் அத்தாட்சி. வழக்குப் பதிவானால் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் போட்ட எஃப்ஐஆர் இருக்கும், அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். திருட்டுப் போன வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது சிஎஸ்ஆரை நீட்டினால் எஃப்ஐஆர் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி பெயிலும் பரோலும். பெயில் பொதுவாகத் தீர்ப்புக்கு முன்னால், நீதிமன்றம் தருவது. தண்டனைக்குப் பிறகு மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதும் தண்டனையை நிறுத்திவைத்துத் தரலாம். பரோல் கன்விக்டுக்கு மட்டும். பெரும்பாலும் சிறைத்துறையும் அரசும் தருவது. போய்விட்டுத் திரும்பி வர வேண்டும். தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி இதை லீவ் என்றே சொல்கிறார்கள்: அவசர விடுப்பு, சாதாரண விடுப்பு என்று இரண்டு வகை. தாய் இறந்துவிட்டார் என்று விசாரணைக் கைதி பரோல் கேட்க முடியாது, அவர் நீதிமன்றத்தில் இடைக்கால ஜாமீன்தான் கேட்க வேண்டும். தவறான கதவைத் தட்டினால் காரியம் முடிந்து பத்தாம் நாளில்தான் உத்தரவு வரும்.

நான்-பெயிலபிள் என்றால் ஜாமீனே கிடையாது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பெயிலபிள் என்றால் ஜாமீன் உரிமை, பிணைப்பத்திரம் கொடுத்தால் விட்டே ஆக வேண்டும். நான்-பெயிலபிள் என்றால் நீதிமன்றத்தின் விருப்புரிமை, அவ்வளவுதான். கவனக்குறைவாக வண்டி ஓட்டி ஓர் உயிர் போனது பெயிலபிள், இருபதாயிரம் ரூபாய் போனைத் திருடியது நான்-பெயிலபிள். குற்றம் எவ்வளவு பெரியது என்று இந்தச் சொல்லை வைத்து அளக்கவே கூடாது. நான்-பெயிலபிள் வழக்கிலும், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

டிஸ்சார்ஜும் அக்விட்டலும் தமிழில் இரண்டுமே விடுவிப்பு, விடுதலை என்று வந்துவிடுகின்றன. டிஸ்சார்ஜ் என்றால் விசாரணை தொடங்கும் முன்பே, குற்றச்சாட்டு வனையப் போதிய முகாந்திரம் இல்லை என்று அனுப்புவது. பிறகு புதிய சான்று கிடைத்தால் அதே வழக்கு திரும்ப வரலாம். அக்விட்டல் என்றால் முழு விசாரணை நடந்து, குற்றம் நிரூபணமாகவில்லை என்ற தீர்ப்பு. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாமே தவிர, அதே குற்றத்துக்குப் புதிதாக இன்னொரு வழக்குப் போட முடியாது. உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்வது மூன்றாவது வகை, அதற்கு குவாஷ் என்று பெயர்.

இவை எதிலும் சேராத விடுதலையும் உண்டு. பேரறிவாளன் வழக்கில் தனித்தனியாக எல்லாச் சொல்லும் வந்துபோயின. 1991-ல் கைது, 1998-ல் தூக்குத் தண்டனை. கருணை மனு மீது முடிவெடுக்க ஆன தாமதத்தால் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஆயுளாக மாற்றியது, அது கம்யூட்டேஷன். 2017 ஆகஸ்டில் வெளியே வந்தது பரோல். 2018 செப்டம்பரில் தமிழக அமைச்சரவை ஆளுநருக்குப் பரிந்துரைத்தது ரிமிஷன், மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்வது. அந்தப் பரிந்துரை முடிவாகாமல் கிடந்த நிலையில் 2022 மார்ச்சில் கிடைத்தது பெயில். மே 18 அன்று அரசியல் சாசனத்தின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதை அக்விட்டல் என்று எழுதியவர்கள் தவறாக எழுதினார்கள். குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்க, தண்டனைதான் முடித்துவைக்கப்பட்டது.

கடைசியாக அரெஸ்டும் டிடென்ஷனும். அரெஸ்ட் நடந்த குற்றத்துக்காக. தடுப்புக் காவல் என்கிற பிரிவென்டிவ் டிடென்ஷன், இனி நடக்கக்கூடும் என்பதற்காக. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம் இந்த வகை. மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ உத்தரவு போடுவார், 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அது தண்டனை இல்லை, அதனால் அவர் கன்விக்டும் இல்லை. அடிப்படை வழக்கில் ஜாமீன் வாங்கினாலும் வெளியே வர முடியாது, ஏனென்றால் பூட்டு வேறு. இத்தகைய உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தில் முறையிடலாம், அல்லது உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டு உத்தரவையே ரத்து செய்ய வேண்டும். காவலில் வைத்த ஐந்து நாளுக்குள் காரணங்களை அவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்பது சட்டம். எனவே குடும்பத்தார் ஜாமீன்தாரர்களைத் தேடி ஓடுவதற்கு முன், அந்த உத்தரவையும் அதோடு தந்த ஆவணக் கட்டையும் வாங்கிக்கொண்டு வழக்கறிஞரிடம் போக வேண்டும். பக்கங்கள் விடுபட்டிருக்கின்றனவா, படிக்க முடியாத நகல் இருக்கிறதா, அவருக்குத் தெரிந்த மொழியில் தந்தார்களா, அவர் அனுப்பிய மனுவை எத்தனை நாள் கிடப்பில் போட்டார்கள் என்பதை வைத்துத்தான் அந்த ஆட்கொணர்வு மனு நிற்கும்.